மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் இடம் தந்துவந்த மேடையில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் ஒருவனை ஏற்றி, விளையாடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை அணியில் சேர்ப்பது, வெளியூருக்குக் கூட்டிப்போவது, இரவில் தங்கவைப்பது, சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்கித் தருவது, இந்த நான்கும் நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. அப்படி இருக்கக் கூடாது. அந்த ஆள் தங்கமான மனிதராக இருந்தாலும் கூடாது.

நம் மாவட்டத்தில் விளையாட்டுக்கு உள்ள மதிப்பை அறிய வேண்டுமானால் தூத்தூர்க் கரைக்குப் போக வேண்டும். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள். மாலையானால் மணலில் பந்து உருளும். சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவர்கள் இந்தக் கரையில் பலர். 2019–20 பருவத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இந்த மண்ணின் பிள்ளை. அவரைப் பார்த்துப் பந்தைத் தொட்ட சிறுவர்கள் எத்தனையோ பேர்.

அந்தச் சிறுவர்களின் வீட்டையும் பார்க்க வேண்டும். ஆழ்கடலுக்குப் போகும் ஆண்கள் ஒருமுறை படகேறினால் கரை திரும்ப ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் சிக்கித் திரும்பாமலே போனவர்கள் உண்டு. அன்று கைக்குழந்தைகளாகவும் பள்ளிச் சிறார்களாகவும் இருந்தவர்கள் இன்று மைதானத்தில் நிற்கிறார்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால் ரப்பர் பால்வெட்டுக்கு அப்பா விடியுமுன்னே கிளம்பிவிடுகிறார். கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் அம்மா முந்திரி ஆலைக்கு, அதாவது அண்டியாபீசுக்குப் போகிறார். வளைகுடா நாட்டில் தகப்பன் இருக்கும் வீடு எல்லாத் தெருவிலும் உண்டு. வீட்டில் ஆள் இல்லாத அந்த நேரங்களில் பிள்ளைக்கு ஆளாக நிற்பவர் ‘சார்’. மகனைக் கொண்டுவந்து விடும் தாய் சொல்லும் வாசகம் உங்களுக்கே தெரியும்: “சாரே, கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சுப் போடுங்க. இனி இவன் உங்க பிள்ள.”

அது அன்பினால் வரும் வார்த்தைதான். ஆனாலும் ஒரு தாய் தன் பிள்ளையின் மேல் உள்ள எல்லா உரிமையையும் ஓர் அந்நியரிடம் எழுதிக்கொடுப்பதற்குச் சமம் அது.

இதோடு பிழைப்பும் சேர்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உள்ளன. அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் இடம் கிடைத்தால் சோறும் பயிற்சியும் கிடைக்கும். இவையெல்லாம் நல்ல திட்டங்கள். ஏழைப் பிள்ளை மேலேற அரசு போட்டுத் தந்த படிகள். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். “சாரைப் பகைச்சா சர்டிபிகேட் போச்சு” என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. பகைப்பது என்றால் என்ன? “இந்த ரூமுக்கு நான் வரல சார்” என்று சொல்வதும் பகைப்பதுதானே?

நடந்தவற்றைப் பார்ப்போம். 2021 மே மாதம் சென்னையில் தேசிய அளவில் வீராங்கனைகளை உருவாக்கிய ஒரு தடகளப் பயிற்சியாளர், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார். முதலில் புகார் தந்தது ஒரு பத்தொன்பது வயதுப் பெண். அதன்பின் மேலும் பலர் வந்தார்கள். பயிற்சி முடிந்ததும், தசைவலிக்குச் சிகிச்சை தருகிறேன் என்று தனியே நிறுத்திக்கொள்வார் என்பது அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு. அவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் நகரின் ஒரு பள்ளி ஆசிரியர் மீது மாணவிகள் பொதுவெளியில் பேசத் தொடங்கிய பிறகே இவர்களுக்கும் பேசும் துணிவு வந்தது.

2022இல் பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணி ஐரோப்பா சென்றிருந்தபோது, தவறான நடத்தைப் புகாரில் உதவிப் பயிற்சியாளர் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டு, பின்பு நீக்கப்பட்டார். அது நாட்டின் அணி. உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகள்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் முகாம் நடந்தது. என்.சி.சி.க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நடத்தியவர் போலிப் பயிற்சியாளர். மாணவிகள் பள்ளிக் கலையரங்கத்தில் இரவு தங்கவைக்கப்பட்டார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். மற்றப் பிள்ளைகளும் துன்புறுத்தப்பட்டது பின்னர் வெளிவந்தது. அந்தச் சிறுமி பள்ளியில் சொன்னாள். நடவடிக்கை எடுக்காமல் மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அந்த ஆள் யாரென்று தெரிந்திருக்கும். தொப்பியையும் சீருடையையும் பார்த்துப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மாவட்டத்தில் கோடைப் பயிற்சி முகாம் என்று தட்டி கட்டி நடக்கும் இடங்களில் எத்தனை பேரின் பின்னணியை நாம் விசாரித்திருக்கிறோம்?

இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையங்களில் 2010 முதல் பத்தாண்டுகளில் 45 பாலியல் தொல்லைப் புகார்கள் பதிவாயின, அவற்றில் 29 பயிற்சியாளர்கள் மேல் வந்தவை என்று 2020 ஜனவரியில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்று வெளியிட்டது. அவை புகாராக வந்தவை மட்டும். வராதவை எவ்வளவு என்பதை நினைக்க ருச்சிகாவின் கதை ஒன்றே போதும். ஹரியானாவில் டென்னிஸ் ஆடிய பதினான்கு வயதுப் பெண். 1990 ஆகஸ்டில் மாநில டென்னிஸ் சங்கத் தலைவராகவும் காவல்துறை உயர் அதிகாரியாகவும் இருந்தவர் தன்னிடம் தவறாக நடந்ததைத் துணிந்து சொன்னாள். பலன் என்ன? பள்ளி அவளை வெளியேற்றியது. அவள் சகோதரன் மேல் கார் திருட்டு வழக்குகள் பாய்ந்தன. 1993 டிசம்பரில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2009 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது: ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் தண்டனை ஒன்றரை ஆண்டாக உயர்ந்தது. அவள் உயிரோடு இருந்திருந்தால் தீர்ப்பு நாளில் அவளுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும்.

நல்ல வேளையாக, இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் போக்சோ நடைமுறையில் உள்ளது. பிள்ளைக்குப் பொறுப்பானவரே குற்றம் செய்தால் தண்டனை கூடும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். தலைமை ஆசிரியரோ அகாடமி நடத்துபவரோ தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. வாக்குமூலம் வாங்கக் காவலர் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் பெயரோ பள்ளியோ வெளியே வரக் கூடாது. “நம்ம ஸ்கூல் பேரு கெட்டுரும், உள்ளேயே பேசித் தீத்துக்கலாம்” என்று சொல்லும் பெரியவர்கள் இந்த அவையில் யாராவது இருந்தால், அப்படிப் பேசித் தீர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் பெண்களையும் சிறாரையும் காக்கும் பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்கிறது. டெல்லிச் சட்டம் நம் குறுவட்டப் போட்டி நடக்கும் மைதானம் வரை வந்துசேர, நாம்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

பெரிய குற்றங்களைப் பற்றியே பேசினால் அன்றாடம் நடக்கும் சிறிய அநியாயங்கள் மறைந்துபோகும். என் பணிக்காலம் முழுவதும் பார்த்ததைச் சொல்கிறேன். மண்டலப் போட்டிக்கு வெளியூர் போனால் தங்குமிடம் ஒரு பள்ளியின் வகுப்பறை. பெஞ்சுகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கரும்பலகைக்குக் கீழே பெட்ஷீட் விரித்துப் படுக்க வேண்டும். தாழ்ப்பாள் இருக்காது, ஜன்னல் கொண்டியில் துப்பட்டாவைக் கட்டிக் கதவை இழுத்து வைப்பார்கள். கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில், விளக்கு இல்லாமல். ஒருமுறை மதியம் இரண்டு மணிக்கு ஓட்டப்பந்தயம். ஒரு பெண்ணின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருந்தது. ஏன் மக்களே குடிக்கவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: “குடிச்சா போகணும்லா சார்.” வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடும் பிள்ளைக்கு நேரம் குறைந்தால் ‘ஸ்டாமினா இல்லை’ என்று எழுதுகிறோம். உடை மாற்ற இடமில்லாமல் நான்கு தோழிகள் ஒரு ஃப்ளெக்ஸ் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னே ஜெர்சி போடும் பெண்களை இன்றும் பார்க்கலாம். தட்டியில் சிரிப்பது போட்டியைத் தொடங்கிவைக்க வந்த தலைவரின் முகம்.

காயத்துக்கு வருகிறேன். 2020 நவம்பரில், ஐ.எஸ்.எல். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜுக்கு முழங்கால் போனது. அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். தொழில்முறை கிளப்பில் மருத்துவர் இருப்பார், மீண்டும் நடக்கவும் ஓடவும் பழக்க ஆள் இருப்பார். அதே காயம் பத்தாம் வகுப்புப் பையனுக்கு வந்தால்? 2022 நவம்பரில் சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த பதினேழு வயதுக் கால்பந்து வீராங்கனை முழங்கால் சவ்வுக்காக அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். இறுக்கிப் போட்ட கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, காலை எடுக்க வேண்டி வந்து, நவம்பர் 15 அன்று இறந்தும் போனாள். மருத்துவத் தவறுக்கு அரசு நடவடிக்கை எடுத்தது, குடும்பத்துக்கு உதவியும் தந்தது. ஆனால் காயம்பட்ட பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போய், வலிக்கிறது என்று அவள் சொல்லும்போது மருத்துவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் கடமை விளையாட்டு அமைப்பில் யாருக்கும் எழுதிவைக்கப்படவில்லை. அந்தக் கடமை யாருடையது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அடிமுறை என்னும் நம் மண்ணின் தற்காப்புக் கலை ஆசான்கள் இதில் நமக்கு வழி சொல்கிறார்கள். வர்மம் அறிந்த ஆசான், அந்த அடியைக் குணமாக்கும் இளக்குமுறையும் அறிந்திருப்பார். களத்தில் அடிபட்ட சீடனுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவுவதும், எழுந்து நடக்கும் வரை பார்த்துக்கொள்வதும் அதே ஆசானின் கடமை. எவருக்கு எதை எப்போது சொல்லித்தருவது என்பதிலும் அவசரப்பட மாட்டார்கள். சீடனின் குணத்தைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகே வர்மம் தருவார்கள். ஆசானுக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்ற பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். ஆசான் தன் சீடனின் உடம்புக்குப் பொறுப்பு என்ற மறுபாதியை விட்டுவிட்டோம். பதிமூன்று வயதுப் பையன் முட்டிக்குக் கீழே எலும்பு மேடிட்டு வலிக்கிறது என்றால், வளரும் வயதில் அளவுக்கு மீறி ஓடியதால் வருவது அது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். “பொட்டப்புள்ள மாதிரி அழாத” என்று நான்கு சுற்று கூடுதலாக ஓடவிடுவது பயிற்சி ஆகாது.

அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. வகுப்பறையில் பிரம்பு பெருமளவு போய்விட்டது. மைதானத்தில் விசில் கயிறு இருக்கிறது. “அடிச்சு வளத்ததாலதான் நான் ஸ்டேட் ஆடினேன்” என்று பழைய வீரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடி தாங்காமல் ஆட்டத்தையே விட்டுப்போன திறமைசாலிகள் இந்த மேடைக்கு வந்து பேசுவதில்லை. ஜப்பானில் 2012 டிசம்பரில் ஒசாகா நகரப் பள்ளி ஒன்றின் கூடைப்பந்து அணித் தலைவன், பயிற்சியாளரிடம் தொடர்ந்து அடிவாங்கியபின் தற்கொலை செய்துகொண்டான். அடியை ஒழுக்கம் என்று நம்பிய அந்த நாடே அதிர்ந்து, விளையாட்டு அமைப்புகள் கூடி வன்முறைக்கு எதிராக அறிவிப்பு வெளியிட்டன. அந்த அறிவிப்பு அந்தப் பையனுக்குக் காலம் கடந்து வந்தது.

தண்டனை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது: வயதுச் சான்று மோசடியில் நாம் தண்டிப்பது பெரும்பாலும் தவறான ஆளை. பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது பெரியவர்கள். இடதுகை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கும்போது பிடிபடுவது பிள்ளை. மத்திய அரசு 2010இல் இதற்கென விதிமுறை கொண்டுவந்தது. கிரிக்கெட் வாரியம் 2020இல் ஒரு நல்ல வழி காட்டியது: தானாக முன்வந்து உண்மையான வயதைச் சொன்னால் தடை இல்லை, உரிய வயதுப் பிரிவில் ஆடலாம், மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை. மாவட்டச் சங்கங்களும் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைக்கலாம். பொய் வயதோடு ஆடும் பையன் ஒருவன் உள்ளே வந்தால், நிஜ வயதோடு நிற்கும் இன்னொரு பையன் வெளியே போகிறான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

அணித் தேர்வு நாளன்று “எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ள” என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஓடிய நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் அன்று மாலையே பலகையில் எழுதிப் போடுங்கள். கபடி, கால்பந்து போன்ற ஆட்டங்களுக்கு மூன்று பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒட்டுங்கள். அந்தக் கேள்வியின் வலிமை பாதி குறைந்துவிடும்.

பிள்ளைகளைச் சிறு வயதிலேயே வரிசைப்படுத்தத்தான் வேண்டுமா? நார்வே நாட்டில் 1987 முதல் சிறார் விளையாட்டுக்கு விதிகள் உண்டு. பதினோரு வயது வரை யார் முதல், யார் கடைசி என்ற பட்டியலே போடுவதில்லை. பதிமூன்று வயதுக்கு முன் தேசியப் பட்டப் போட்டி கிடையாது. இப்படி விட்டால் பிள்ளைகள் எப்படிச் சாதிப்பார்கள் என்று கேட்பீர்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தச் சின்ன நாடு வாங்கியது 39 பதக்கங்கள், எல்லா நாடுகளையும் விட அதிகம்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நல்ல பயிற்சியாளர்கள் என்னிடம் வருத்தத்தோடு கேட்பது உண்டு: “இனி பிள்ளைகளைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கவே கூடாதா?” தாராளமாகத் தொடலாம். சிலம்பத்தில் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டாமல் வீச்சு வராது. எதற்குத் தொடுகிறேன் என்று முன்பே சொல்லி, எல்லோர் கண் முன்னாலும் தொட்டால் போதும். தனி அறையில் பிசியோ வேண்டாம், தனியாகப் பைக்கில் கூட்டிப்போக வேண்டாம், இரவில் தனியே வாட்ஸ்அப் வேண்டாம். இந்த வழக்கம் நேர்மையான ஆசிரியரின் பெயரையும் காக்கும். மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள்தாம் பெரும்பான்மை. சொந்தக் காசில் பூட்ஸ் வாங்கிக்கொடுத்து, பழையாற்றங்கரையிலும் கடற்கரையிலும் பிள்ளைகளை ஓடவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் சந்தேக நிழல் விழாதிருக்கவும் இது வேண்டும்.

இந்தப் பாதுகாப்பை ஏற்படுத்த அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இல்லாத ஊர் ஒன்றும் இங்கே இல்லை. ஒவ்வொரு கிளப்பும், அகாடமியும், தேவாலயப் பங்கு மைதானமும் தன் ஊரில் அப்படி ஒருவரைப் பிள்ளைகளின் குறை கேட்பவராக வைத்துக்கொள்ளட்டும். அவருக்கும் அணித் தேர்வுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அவர் கைபேசி எண் மைதானத்துச் சுவரில் பெரிதாக எழுதப்பட வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய் உடன் போகட்டும். அவர் பயணச் செலவை நம் ஊர்த் திருவிழாக் கமிட்டிகள் ஏற்கலாம். ஒரு இரவு வாணவேடிக்கைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பருவம் முழுவதும் ஒரு அணியோடு ஒரு பெண் துணை போக முடியும். காயத்துக்கென ஒரு சிறு வைப்புத்தொகையும் வையுங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களிடமும் என் வேண்டுகோள் அதுதான்: அடுத்த ஆண்டுப் பொழிவோடு, காயம்பட்ட பள்ளி வீரர்களின் சிகிச்சைக்கும் ஒரு பகுதியை ஒதுக்குங்கள்.

பெற்றோரே, இந்த ஆண்டு செலக்‌ஷனுக்குப் பிள்ளையை அனுப்புமுன் சாரிடம் மரியாதையோடு கேளுங்கள்: எங்கே தங்குகிறார்கள், கூட யார் வருகிறார், ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? கேட்டதற்காக ஒருவர் கோபப்பட்டால் அவரிடம் பிள்ளையை விடாதீர்கள். பயிற்சி முடிந்து ஜெர்சியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. உங்கள் உடம்புக்கு நடந்த எதுவும் உங்கள் தவறு அல்ல. அதைச் சொன்னதற்காக உங்கள் சான்றிதழை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் சிறாருக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள்; பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 என்ற எண்ணும் உண்டு. 1098க்கு எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை.